காங்கயம் மாட்டு இனப்பதிவு அலுவலகம்: பதிவேட்டை எங்கிருந்து தொடங்குவது?

கொழுக்கட்டைப்புல்:

வணக்கமுங்க. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் காங்கயம் மாடு வைத்திருப்பவர்கள் சேர்ந்து, 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கம் பதிந்திருக்கிறோம். அடுத்து இனப்பதிவு அலுவலகம் திறக்கிறோம். ஒரு அறை, ஒரு கணினி, அரைநாள் வேலைக்கு ஒரு எழுத்தர். முதல் சுற்றில் 300 உருப்படி வரலாம்.

எந்த மாட்டுக்கும் தாய் தகப்பன் எழுத்தில் இல்லை. அதை எப்படிப் பதிவது? அரசு போடும் 12 இலக்கக் காதுவில்லை எண்ணையே பதிவு எண்ணாக வைத்துக்கொள்ளலாமா? காளைக்காரர் சொல்லும் தேதியை நம்பிக் கன்றுக்குத் தகப்பன் பெயர் எழுதலாமா? விற்ற மாட்டுக்குப் பெயர் மாற்றுவதில் எதைக் கவனிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பட்டிக்கணக்கு:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்க. கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவள அமைப்பு, காங்கயம் என்ற இனத்தைத்தான் பதிந்து எண் கொடுத்திருக்கிறது. தனித்தனி மாட்டுக்கு வம்சாவளிப் பதிவு வைப்பது உங்கள் சங்கத்தின் பொறுப்பு. எனவே உங்கள் சான்றிதழில் சங்கத்தின் பெயரும் முத்திரையும் மட்டும் இருக்கட்டும். அரசின் சிங்கமுகச் சின்னம் போட்டால் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அச்சகத்தில் அழகுக்காகச் சேர்த்துவிடுவார்கள், அச்சுப்படியை நீங்களே பாருங்க.

காகிதம் இல்லாத மாடுகளுக்கு அடிப்படைப் பதிவேடு என்று ஒன்று தனியாகத் திறங்க. மூன்று பேர் குழு, பட்டிக்கே போய்ப் பார்த்து ஏற்க வேண்டும். குழுவில் இருப்பவர் தன் மாட்டையோ பங்காளி மாட்டையோ பார்க்கக் கூடாது. எதைப் பார்ப்பது என்பது முன்பே எழுத்தில் இருக்கட்டும்: கச்சிதமான உடம்பு, சிறிய நிமிர்ந்த காது, கண்ணைச் சுற்றிக் கருவளையம், வெளியே விரிந்து பின்னால் வளையும் கொம்பு, மெல்லிய அலைதாடி (கழுத்துக்குக் கீழே தொங்கும் தோல்), காளை என்றால் தலை, கழுத்து, திமில், சப்பை கறுத்திருக்க வேண்டும். நிராகரித்தால் எந்த அம்சத்துக்காக என்று படிவத்திலேயே எழுதுங்க. காரணம் எழுதாத நிராகரிப்புதான் பின்னால் பகையாகும்.

அடிப்படை மாட்டின் பிறந்த தேதி தெரியாவிட்டால் ஜனவரி 1 என்று போடவே போடாதீங்க. "இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடை சேர்ந்தது (எல்லாப் பல்லும் முளைத்தது)" என்று பார்த்த தேதியோடு எழுதுங்க. பல் கணக்கு பின்னால் வருபவருக்கு உண்மையைச் சொல்லும். கற்பனைத் தேதி கணினியில் ஏறிவிட்டால் பத்து வருஷம் கழித்து யாராலும் பிரித்தறிய முடியாது.

இந்தப் பசுக்களைப் பதிவான காளையோடு சேர்த்துப் பிறந்த கன்று முதல் தலைமுறை. மூன்று தலைமுறை தொடர்ந்து எழுத்தில் வந்த பிறகு முழுப் பதிவேட்டுக்கு மாற்றலாம். அடிப்படைப் பதிவேட்டை அவசரப்பட்டு மூடாதீங்க. கொரங்காட்டில் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தில்) இன்னும் பார்க்காத நல்ல பசுக்கள் இருக்கின்றன.

எண் விஷயம். காதுவில்லை எண்ணை ஒரு பத்தியில் கட்டாயம் எழுதுங்க, ஆனால் அதையே பதிவு எண் ஆக்க வேண்டாம். கிளுவை வேலியில் மாட்டி வில்லை கிழிந்து விழும், புது வில்லை வேறு எண்ணோடு வரும். சங்கத்தின் எண் பிறந்த ஆண்டும் தொடர் எண்ணும் மட்டும் போதும். அடிப்படை மாட்டுக்குப் பதிந்த ஆண்டைப் போட்டு, முன்னால் ஒரு "அ" சேர்த்துவிடுங்க. ஊர்க் குறியீடு, உரிமையாளர் குறியீடு எதையும் எண்ணுக்குள் திணிக்காதீங்க. மாடு கைமாறியதும் எண் பொய்யாகிவிடும். செத்த மாட்டின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

சினைச்சீட்டு:

தகப்பன் விஷயத்துக்கு நான் சொல்கிறேன். அலுவலகத்தின் மானமே இங்கேதான் இருக்கிறது.

கன்று பிறந்த பிறகு கேட்டு எழுதும் தகப்பன் பெயருக்கு மதிப்பு கிடையாது. காளைக்கு விட்ட அன்றே சீட்டு எழுத வேண்டும். தொடர் எண் அச்சிட்ட மூன்று படிச் சீட்டுப் புத்தகத்தைக் காளைக்காரரிடம் கொடுங்க: ஒன்று பசுக்காரருக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று புத்தகத்திலேயே. தேதி, பசு எண், காளை எண், இருவர் கையெழுத்து. அலுவலகப் படி 30 நாளுக்குள் வந்து சேர வேண்டும். சினை ஊசி என்றால் உறைவிந்துக் குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைப் பார்த்து எழுதுங்க, குச்சியைப் படமும் எடுத்துக்கொள்ளுங்க. போட்டவர் வாயால் சொன்னதை எழுத வேண்டாம். உறைவிந்து வைக்கும் கன்டெய்னரில் பக்கத்துக் கூட்டிலிருந்து வேறு குச்சி வந்துவிடுவது நடக்கிற காரியம்.

கன்று பிறந்ததும் கணினி நாள் கணக்குப் பார்க்கட்டும். சினைக்காலம் சராசரி 285 நாள் என்று கொண்டு, 270 முதல் 300 வரை வந்தால் ஏற்கலாம். வெளியே போனால் நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. பசு ஜனவரி 10-ல் ஒரு காளைக்கு விடப்பட்டு, சினை நிற்காமல் 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்து, ஜனவரி 31-ல் வேறு காளைக்கு விடப்பட்டது என்று வையுங்க. அக்டோபர் 30-ல் கன்று. முதல் காளைக்கு 293 நாள், இரண்டாவதுக்கு 272 நாள். இரண்டும் வரம்புக்குள் வருகிறது! பெரும்பாலும் இரண்டாவதுதான் என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகம் பதிவேட்டில் ஏறக் கூடாது. மரபணுச் சோதனை முடியும்வரை தகப்பன் கட்டம் காலியாகவே இருக்கட்டும். இதைத் தவிர்க்க ஒரு விதி வையுங்க: அடுத்தடுத்த பருவத்தில் காளையை மாற்றினால் சோதனைச் செலவு பசுக்காரருடையது.

அதற்காக, காளை பதிவாகும் அன்றே வால் முடி எடுத்துவையுங்க. காளை விற்றுப்போன பிறகோ செத்த பிறகோ தேடினால் கிடைக்காது. வெட்டிய முடி உதவாது, வேரோடு பிடுங்க வேண்டும். சாணம் ஒட்டாத இடமாகப் பார்த்து 30, 40 முடி. உறையில் காளை எண்ணை முதலில் எழுதிவிட்டு அப்புறம் பிடுங்குங்க. நான்கு மாட்டுக்கு எடுத்துவிட்டுக் கடைசியில் எழுதினால் மாறிப்போகும். காகித உறைதான் நல்லது. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். உலர்ந்த அலமாரியில் வைத்தால் போதும், குளிர்பெட்டி தேவையில்லை.

மாட்டுக்குப் பன்னாட்டு அளவில் பரிந்துரைத்த 12 மரபணுக் குறியிடங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை பரவலாக இருக்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேல் பொருந்தாவிட்டால் அந்தக் காளை தகப்பன் இல்லை. ஒன்று மட்டும் பொருந்தாவிட்டால் உடனே தள்ளிவிடாதீங்க, மறுபடி சோதிக்கச் சொல்லுங்க. எல்லாக் கன்றுக்கும் செய்யப் பணம் இருக்காது. பத்தில் ஒன்றைக் குலுக்கலில் எடுத்துச் சோதிப்போம் என்று முன்பே அறிவித்துவிட்டால் சீட்டு தானாக ஒழுங்காகும்.

பட்டிக்கணக்கு:

சினைச்சீட்டு சொன்னதோடு கன்று பற்றியும் சேர்த்துவிடுகிறேன். காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பு, ஆறு மாதம் வாக்கில்தான் நிறம் மாறும். பிறந்த 30 நாளுக்குள் தற்காலிகப் பதிவு, நிறம் திரும்பிய பிறகு நேரில் பார்த்து முழுச் சான்றிதழ் என்று இரண்டு கட்டமாக வையுங்க. பிறந்தபோது எடுத்த படத்தை மட்டும் ஒட்டினால் ஒரு வருஷம் கழித்து எந்த மாட்டுக்கும் பொருந்தாது. நிலைத்து நிற்பது மயிர்ச்சுழி. முகம், இரண்டு பக்கம், முதுகு என்று கோட்டுப்படம் அச்சிட்டு, சுழி இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி போடுங்க. மூக்குரேகையும் மாறாது, மூக்கை நன்றாகத் துடைத்து, வேர்வை மறுபடி ஊறுவதற்குள் மை தடவி ஒற்றி எடுக்க வேண்டும், மூன்று படி எடுத்தால் ஒன்று தேறும்.

இரட்டைக் கன்றைத் தவறாமல் குறியுங்க. காளைக்கன்றோடு பிறந்த கிடாரி பத்தில் ஒன்பது மலடாகும். அதை எழுதாமல் சான்றிதழோடு விற்றால் வாங்குபவர் உங்கள் வாசலில்தான் நிற்பார்.

காரிக்காளை:

மேலே சொன்ன அம்சப் பட்டியலில் எனக்கு ஒரு வேறுபாடு. நிறம் பற்றி எழுதும்போது மயிலையோடு (சாம்பல்) காரி (கறுப்பு), செவலை (சிவப்பு), பிள்ளை (வெள்ளை) எல்லாவற்றையும் ஏற்போம் என்று தெளிவாகப் போடுங்க. மயிலை மட்டும் என்று வைத்தால் அழகான பதிவேடு கிடைக்கும், ஆனால் இரத்தம் குறுகிவிடும். ஏற்கனவே ஒரு நல்ல பூச்சிக்காளைக்கு (இனப்பெருக்கக் காளைக்கு) பத்து ஊர்ப் பசு போகிறது. அப்பன் ஒன்று, தாய் வேறு என்ற உறவில் சேர்த்தால் கன்றின் உள்ளினக்கெழு (நெருங்கிய இரத்த உறவில் சேர்ந்ததன் அளவு) 12.5 சதவீதம், அப்பனுக்கே மகளை விட்டால் 25. அடிப்படை மாடுகளின் பெற்றோர் தெரியாததால் கணினி முதல் தலைமுறைக்குச் சுழியம் என்றுதான் காட்டும். அதை நம்பி இருக்காதீங்க. ஒரே ஊரில் ஒரு காளை மூன்று வருஷத்துக்கு மேல் வேண்டாம், அதற்குள் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும்.

கொழுக்கட்டைப்புல்:

மிக்க நன்றிங்க, எல்லோருக்கும். நிற விஷயத்தைக் குழுவில் வைக்கிறேன். பெயர் மாற்றம் பற்றி யாராவது சொன்னால் படிவத்தை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

சினைச்சீட்டு:

மாற்றப் படிவத்தில் விற்றவர் கையெழுத்துதான் முக்கியம், வாங்கியவர் கையெழுத்து மட்டும் இருந்தால் ஏற்காதீங்க. விற்ற தேதி, அப்போது சினையா, சினை என்றால் சீட்டு எண், பால்குடிக் கன்று தாயோடு போகிறதா என்று நான்கு கட்டம் வையுங்க. சினைமாடு விற்கும்போது சீட்டின் படி கூடவே போகாவிட்டால் பிறக்கும் கன்றைப் பதிய முடியாது. பழையகோட்டை ஞாயிற்றுச் சந்தையில் கைமாறும் மாட்டுக்கு அங்கேயே எழுதிவாங்குவது நல்லது. கண்ணபுரம் தேர்த்தாவணி (தேர்த்திருவிழா மாட்டுச்சந்தை) நாட்களில் வேலை குவியும், படிவமும் ஆளும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

பதிவேடு, பக்க எண் அச்சிட்டுத் தைத்த புத்தகமாக இருக்கட்டும். தவறைத் திருத்தும்போது ஒரு கோடு போட்டு, பழையது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும். வெள்ளை மை அறைக்குள்ளேயே வேண்டாம். கணினியிலும் அப்படியே, பழைய மதிப்பை அழிக்காமல் புது வரி சேர்க்கும்படி அமைக்கச் சொல்லுங்க. தொலைந்த சான்றிதழுக்குப் புதிது கொடுத்தால் "நகல் 1" என்று அச்சாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரே காகிதத்தில் இரண்டு மாடு விலை போகும்.

கன்றுப் பதிவுக் கட்டணம்: பிறந்து 30 நாளுக்குள் குறைவாக, ஆறு மாதம்வரை இரட்டிப்பு, அதற்கு மேல் மரபணுச் சோதனையோடு மட்டும். தையில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவர் பெயரில் உள்ள மாடுகளின் பட்டியலை அனுப்பி, இருப்பது, விற்றது, செத்தது குறித்து வாங்குங்க. இரண்டு வருஷம் பதில் வராத உருப்படியை "நிலை தெரியவில்லை" என்று குறியுங்க, நீக்க வேண்டாம். அதன் கன்று எங்காவது இருக்கும், தாய் எண் தேவைப்படும்.