சிங்கப்பூர் – சைகோன் விமானம்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

செக்காலைவாசி:
அப்பச்சியையும் ஆத்தாவையும் கூட்டிக்கிட்டு வியட்நாம்ல சைகோன் (ஹோ சி மின் நகரம்) தண்டாயுதபாணி கோயிலுக்குப் போறோம். திருச்சி – சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர் – சைகோன் வேற டிக்கெட். தூரம் சுமார் 1,090 கிலோமீட்டர்னு பார்த்தேன். ஒரு இணையதளம் 1 மணி 20 நிமிஷம்கிறது, டிக்கெட்ல 2 மணி 5 நிமிஷம். எது சரி? திரும்பும்போது சைகோன்ல மாலை 4.00க்கு ஏறினா, சிங்கப்பூர்ல இரவு 8.30 திருச்சி விமானத்தைப் பிடிச்சிரலாமா?

கானாடுகாத்தான்காரன்:
டிக்கெட்ல இருக்கிறதை நம்புங்க. அந்தத் தளம் 1,090-ஐ மணிக்கு 850 கிலோமீட்டர்னு வகுத்துப் போட்டிருக்கும். அந்த வேகம் விமானம் முழு உயரத்துக்குப் போனப்புறம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் குறைவு, இவ்வளவு சின்னப் பயணத்துல அதுவே கிட்டத்தட்ட பாதியைத் தின்னுரும். வான்வழியும் நேர்கோடு கிடையாது. ஆக, வானத்துல மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துல ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போறது, சைகோன் டான் சன் நாட் விமான நிலையத்துல நெரிசல்னா மேலேயே வட்டமடிக்கிறது, இதுக்கெல்லாம் சேர்த்துத்தான் 2 மணி 5 நிமிஷம்.

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, 8.30 விமானம் கிடைக்காது. சைகோன் கடிகாரம் சிங்கப்பூரைவிட 1 மணி பின்னாடி. 4.00க்குக் கிளம்பினா சிங்கப்பூர்ல 6.05 இல்ல, 7.05. தனி டிக்கெட்ங்கிறதால பெட்டியை எடுத்து, குடிநுழைவு தாண்டி, மறுபடி கவுண்டர்ல போடணும். கவுண்டர் பெரும்பாலும் 1 மணி நேரத்துக்கு முன்னாடி, அதாவது 7.30க்கே மூடிரும். முதல் விமானம் தாமதம்னாலும் அடுத்த நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை, காசு போச்சு. காலை விமானத்துல கிளம்புங்க, நடுவுல 5 மணி நேரமாவது விடுங்க. போகும்போது இதே வித்தியாசம் லாபம்: காலை 10.00க்கு ஏறினா அங்கே 11.05.

பெட்டி எடுக்க வெளியே வரணும்னா சிங்கப்பூர் விசா வேணும். பலர் மறக்கிறது இதைத்தான்.

செக்காலைவாசி:
கைப்பை மட்டும்னா விசா இல்லாம சமாளிக்கலாமாண்ணே?

தேவகோட்டை ரஸ்தா:
உள்ளேயே இருந்து மாறிக்கலாம். ஆனா ரெண்டாவது போர்டிங் பாஸை ஆன்லைன்ல எடுக்க முடியுமா, இல்ல ட்ரான்ஸ்ஃபர் கவுண்டர்ல தருவாங்களான்னு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க. திருச்சி கவுண்டர்ல வியட்நாம் இ-விசா அச்சுப்பிரதியைக் கேப்பாங்க. ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், அரசுத் தளத்துலேயே போடலாம். பாஸ்போர்ட்ல 'சர்நேம்' காலியா இருக்கிறவங்க, அடியில இருக்கிற ரெண்டு வரிக் குறியீட்டுல எப்படி இருக்கோ அப்படியே பேரை அடிங்க. அப்பா பேரைச் சேர்த்து அடிச்சா அங்கே நிக்க வேண்டியதுதான்.

கானாடுகாத்தான்காரன்:
கைப்பைன்னா ஆத்தாகிட்ட இப்பவே சொல்லிருங்க: மாவடு, எண்ணெய் ஊறுகாய் பாட்டில் எதுவும் 100 மில்லிக்கு மேல கூடாது. சாங்கியில 1, 2, 3 டெர்மினல்கள்ல சோதனை கேட் வாசல்லேயே. திருச்சியில தப்பினாலும் அங்கே எடுத்துருவாங்க, உள்ளே வாங்கின தண்ணி பாட்டிலும் சேர்த்து. சீப்புச்சீடை, மனகோலம் மாதிரி உலர்ந்த பலகாரம் பிரச்சினையில்லை. அந்தச் சோதனைக்காகவே கேட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போயிருங்க.