ஏழாம் தெரு முனையில் பாட்டை நிறுத்தச் சொன்னது நியாயமா?

நெய்தல்நிலா:
வாஷிங்டன் நகரின் ஷா பகுதி. ஏழாம் தெருவும் ஃப்ளோரிடா அவென்யூவும் கூடும் முனையில் ஒரு செல்போன் கடை. 1995 முதல் அதன் வாசல் ஒலிபெருக்கியில் கோ-கோ ஒலித்துவந்தது; அந்நகரத்துக் கறுப்பின மக்கள் உருவாக்கிய, மேளம் ஓயாத இசை. 2019 ஏப்ரலில், அருகே புதிதாக எழுந்த குடியிருப்பிலிருந்து புகார் போனது, பாட்டு நின்றது. நேற்றுக் குடிவந்தவருக்கு ஊரின் குரலே இரைச்சலாகிவிட்டது. எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

கரிகாலன்:
தூக்கம் கெடுகிறது என்று சொல்வது இனவெறி ஆகாது, நண்பரே. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது மூண்ட கலவரத்தில் அந்தத் தெரு எரிந்தது. பிறகு நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது. 1991இல் மெட்ரோ ரயில் வந்தது, முதலீடு வந்தது. சொந்த வீடு வைத்திருந்த கறுப்பினக் குடும்பங்களும் நல்ல விலைக்கு விற்றன. அது பிடிக்கவில்லையா உங்களுக்கு?

நெய்தல்நிலா:
விற்றவர்களைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. வாடகைக்கு இருந்தவர்கள் கையில் என்ன மிஞ்சியது? ஏன் அத்தனை பேர் வாடகைக்கே இருந்தார்கள்? 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று ஒதுக்கி, கடனுக்கு உத்தரவாதம் மறுத்தது. ஷாவுக்குப் பக்கத்தில் ப்ளூமிங்டேல், பிரையண்ட் தெரு. அங்கே வீட்டுப் பத்திரத்திலேயே கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று எழுதிவைத்திருந்தார்கள். அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1948 ஆகிவிட்டது. கடன் கிடைக்காத தெருவில் கூரை ஒழுகும், விலை சரியும். அடிமாட்டு விலைக்கு வாங்க வெளியாள் வருவான். நீங்கள் சொல்லும் முதலீடு அப்படித்தான் நுழைந்தது.

கரிகாலன்:
ஆனால் எல்லோரும் விரட்டப்பட்டவர்கள் அல்லர். நடுத்தர வர்க்கத்துக் கறுப்பினத்தவர் பலர், நல்ல பள்ளியும் தோட்டமும் தேடி, எழுபதுகளிலேயே பக்கத்து பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டிக்குத் தாமாகவே போனார்கள்.

அரும்பு:
அது உண்மை. 1970இல் நகர மக்களில் 71 விழுக்காடு கறுப்பினத்தவர்; 2020இல் ஏறத்தாழ 41. இந்தச் சரிவுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. இன்னொன்று: கட்டடத்தை விற்கும்போது வாடகைதாரருக்கே முதல் வாய்ப்புத் தரவேண்டும் என்ற சட்டம் அங்கே 1980இலேயே வந்தது. கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கித் தங்கியவர்கள் இருக்கிறார்கள். முன்பணத்துக்குக் கடன் கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நெய்தல்நிலா:
அந்தக் கடனைத்தானே அவர்களுடைய தாத்தாக்களுக்கு மறுத்தார்கள்!

கரிகாலன்:
பிரையண்ட் தெருப் பத்திர நிபந்தனை பற்றி எனக்குத் தெரியாது, படித்துப் பார்க்கிறேன். பாட்டைப் பொறுத்தவரை, ஒலியைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். நிறுத்தச் சொன்னது தவறு. தெருவில் மக்கள் திரண்டார்கள், சில நாட்களிலேயே பாட்டுத் திரும்பி வந்தது. அதில் எனக்கும் மகிழ்ச்சிதான்.