‘படம்’ வாசிக்க ‘இம்’ எதற்கு?

ஊதாச்சட்டை: யூ.கே.ஜி. படிக்கும் என் மகள் நேற்று ‘படம்’ என்ற சொல்லின் அடியில் விரலை வைத்து, “ப... ட... இம்” என்றாள். சேர்த்துச் சொல் கண்ணு என்றேன். “படயிம்” என்றாள். பக்கத்தில் சட்டம் போட்ட கிளிப்படம் ஒன்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு “கிளி!” என்று கத்தினாள். இக், இங், இம் என்று சொல்லிக்கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும். பிள்ளைகள் எழுத்துக்கூட்டத் திணறுவதற்கு அந்த ‘இ’ ஒன்றுதான் காரணம்.

சிலேட்டுக்குச்சி: ஒன்றுதான் காரணமாம்! முப்பத்தொரு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவன் நான். என் பிள்ளைகள் எல்லாரும் ‘இம்’ சொல்லித்தான் வாசித்தார்கள். இரண்டு பேர் இப்போது தாசில்தார். மெய் தனியாக ஒலிக்காது, அதனால் இகரம் முன்னால் துணைக்கு வருகிறது. இதுகூடத் தெரியாமல் பாடத்திட்டம் போட வந்துவிட்டீர்கள்.

ஊதாச்சட்டை: தாசில்தார் ஆனதும் ‘இம்’மினால்தானா? உதட்டை மூடி முனகினாலே ‘ம்ம்ம்’ வந்துவிடுகிறது. இகரம் எதற்கு?

சிலேட்டுக்குச்சி: ‘ம்’மை முனகலாம். ‘பட்டம்’ என்பதில் உள்ள ‘ட்’டை முனகிக் காட்டுங்கள், பார்ப்போம். மூச்சு அடைபட்டு நிற்கும். ‘இட்’ என்றால்தான் வெளியே வரும்.

பனங்கிழங்கு: யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி ஆசிரியை நான். இருவரும் புள்ளி எழுத்தைத் தனியே பிய்த்து எடுக்கிறீர்கள். அது முன்னெழுத்தோடு ஒட்டிப் பிறப்பது. ‘பட்’ என்று ஒரு கைதட்டல், ‘டம்’ என்று ஒரு கைதட்டல். பிள்ளைகள் தாமாகவே கூட்டிவிடுவார்கள். அதற்கும் முன்னால் ஆடு, வீடு, தாரா என்று புள்ளியில்லாத சொற்களில் தொடங்குவோம்.

சிலேட்டுக்குச்சி: தாரா என்றால் என்னம்மா? எங்கள் ஊரில் அது வாத்து. முதலில் பொதுவான சொல்லைக் கற்றுக்கொடுங்கள்.

பனங்கிழங்கு: எங்கள் குளத்தில் நீந்துவது தாராதான், ஐயா. உங்கள் வாத்துக்கு எங்கள் பிள்ளைகள் ஏன் காத்திருக்க வேண்டும்?

துதிக்கை லை: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ‘லை’ யானைத் துதிக்கையோடு எவ்வளவு அழகாக இருந்தது! அதை எடுத்ததிலிருந்துதான் பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசையே போய்விட்டது.

ஊதாச்சட்டை: ‘படம்’ என்பதில் ‘லை’ எங்கே இருக்கிறது? சிலேட்டுக்குச்சி அவர்களுக்கு ஒரு சூத்திரம்: ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்.’ தொல்காப்பியரே அகரம் என்கிறார். இகரம் என்று சொல்லவில்லை.

சிலேட்டுக்குச்சி: அகரம் சேர்த்தால் உங்கள் மகள் ‘படம’ என்பாள். பரவாயில்லையா? தொல்காப்பியத்தை இழுத்துவந்து தன் தலையிலேயே போட்டுக்கொள்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். போன மாதம் ழகர விவாதத்தில் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

ஊதாச்சட்டை: அந்த விவாதத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர் நீங்கள்.

சிலேட்டுக்குச்சி: மின்சாரம் போய்விட்டது. பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பனங்கிழங்கு: கைதட்டலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

சிலேட்டுக்குச்சி: கைதட்டினால் பக்கத்து வகுப்பு கலைந்துவிடும். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துத் தட்டச் சொல்லிப் பாருங்கள், பிறகு தெரியும். ‘இம்’முக்கே வருகிறேன். இன்று காலை பேத்தியிடம் ‘ம்’ எழுதிக் காட்டினேன். கண் இமைக்கும் முன் ‘இம்’ என்றாள்.

ஊதாச்சட்டை: ‘படம்’ என்று எழுதிக் காட்டினீர்களா?

சிலேட்டுக்குச்சி: அவளுக்கு வேன் வந்துவிட்டது. அதனால் ‘இம்’ தவறாகிவிடுமா? இம்தான். நாளைக்கும் இம்தான்.

துதிக்கை லை: யானையைப் பற்றிக் கேட்டேன், யாருமே பதில் சொல்லவில்லை.