காணொளி காட்டி வருணனை எழுதப் பழக்குவது எப்படி?

கேள்வி: தமிழாசிரியை, 7ஆம் வகுப்பு

வணக்கம். எங்கள் பள்ளியின் திறன்மிகு வகுப்பறையில் மழைக்காலம் பற்றிய கல்விக் காணொளி ஒன்றைக் காட்டி, பார்த்ததை வருணித்து எழுதுமாறு மாணவர்களிடம் கூறினேன். பின்னணிக் குரலில் வந்த ‘மனத்தைக் கொள்ளை கொள்ளும் இயற்கை எழில்’ என்ற தொடரே ஏறக்குறைய எல்லா ஏடுகளிலும் இருந்தது. கூரையிலிருந்து சொட்டிய நீரையோ சேற்றில் பதிந்த காலடியையோ ஒருவரும் எழுதவில்லை. மணற்கேணி செயலியிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் காணொளிகளுக்குக் குறைவில்லை. அவற்றைக் கொண்டு மாணவர்களைச் சொந்தமாக எழுத வைக்க வழி உண்டா?

மறுமொழி 1: நடுநிலைப்பள்ளி ஆசிரியர்

முதலில் ஒலியை நிறுத்திவிடுங்கள். பாடக் காணொளிகள் விளக்குவதற்காகவே எடுக்கப்படுபவை என்பதால், காட்சியோடு சொல்லும் ஆயத்தமாக வந்துவிடுகிறது. பிள்ளைகள் அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். குயவர் பானை வனையும் காட்சியை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வெட்டி, பேச்சின்றிக் காட்டுவேன். முதல்முறை பார்க்கும்போது யாரும் எழுதக் கூடாது. இரண்டாம் முறை, நூலால் பானையைச் சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும் இடத்தில் நிறுத்தி, எந்த விரல் உள்ளே இருந்தது, மண்ணின் நிறம் எங்கே மாறியது என்று கேட்பேன். ‘கட்டைவிரல் உள்ளே போனதும் மண் வாயைத் திறந்தது’ என்று ஒரு மாணவி எழுதினாள். அழகான, அருமையான, இனிமையான ஆகிய மூன்று சொற்களுக்கும் அன்று வகுப்பில் தடை.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது பாதி வேலைதான். திரை கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமே தீனி போடும். ஈர மண்ணின் வாசமும் வழவழப்பும் அதில் கிடைக்காது. ஓர் உருண்டைக் களிமண்ணை வகுப்பில் கைமாற்றிவிடுங்கள். பள்ளி வாசலிலேயே பார்க்கக்கூடியதற்குக் காணொளி எதற்கு? தருமபுரி மாணவருக்குக் கோடியக்கரைப் பூநாரைகளைக் காட்டுங்கள், அங்கே அதற்குப் பயன் உண்டு. எழுதும் வரிசைக்குச் சங்கப் பாடல்களின் முறையே போதும்: முதலில் நிலமும் பொழுதும், அடுத்து அங்குள்ள மரம், பறவை, தொழில், அதன் பிறகே மனிதர் மனநிலை. முதல், கரு, உரி என்ற பெயர்களை இந்த வயதில் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. தேர்வில் முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் கொடுத்துத்தானே கட்டுரை கேட்கிறார்கள்? எழுதத் தயங்கும் பிள்ளைகளை என்ன செய்வது?

மறுமொழி 3: வட்டார வளமையப் பயிற்றுநர்

சட்டகத்தைத் தேர்வு நெருங்கும்போது பழக்கிக்கொள்ளலாம். இந்தப் பயிற்சிக்கு ஒரே பத்தி போதும். தயங்குபவர்களை இருவர் இருவராக அமர்த்தி முதலில் பேசவிடுங்கள். அவர்கள் வாயில் வரும் வட்டாரச் சொற்களைத் திருத்தாமல் கரும்பலகையில் எழுதுங்கள். காணொளியை முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பது நல்லது, பாட வேளையில் இணையத்தை நம்ப முடியாது. எழுதிய பத்தியைக் காணொளி பார்க்காத பக்கத்து வகுப்பு மாணவரிடம் கொடுத்து, படித்ததை மட்டும் வைத்துப் படம் வரையச் சொல்லுங்கள். சக்கரமே இல்லாமல் பானை அந்தரத்தில் நின்றால், எழுதியவரே ஏட்டைத் திரும்ப வாங்கித் திருத்துவார்.