வீட்டுக்கு மேலே ஏரி: மண் கரை அனுபவங்களைச் சொல்லுங்கள்

முகில்:
அட்லாண்டாவுக்கு வடக்கே வாங்கப் பார்த்த வீடு. கொல்லையில் ஓடை, அரை மைல் மேலே குடியிருப்போர் சங்கத்தின் ஏரி. மாநில அணைப் பட்டியலில் பார்த்தேன், கரை இரண்டாம் வகை. அப்பாடா என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சும்மா நடந்து போனால், கரை அடிவாரத்தில் ஓர் இடத்தில் மட்டும் புல் கரும்பச்சை. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கால் வைத்தேன், பொதக்கென்று உள்ளே போனது. இழுத்தால் கால் வந்தது, ஷூ வரவில்லை. சங்கத்தில் கேட்டதற்கு, "அது எப்பவும் அப்படித்தான்" என்றார்கள். வீட்டை விட்டுவிட்டோம்.

வரப்பு:
இரண்டாம் வகை என்றால் பலமான கரை என்று யார் சொன்னது? உடைந்தால் கீழே உயிர் போகுமா என்பதற்குத்தான் ஜார்ஜியா மாநிலத்தில் வகை பிரிக்கிறார்கள். போகும் என்றால் முதல் வகை. கரை உளுத்திருக்கிறதா என்பது வேறு கணக்கு. இங்கே அணைப் பாதுகாப்புச் சட்டமே 1978இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 6 நள்ளிரவுக்குப் பின் இதே மாநிலத்து டொக்கோவாவில் கெல்லி பார்ன்ஸ் மண் அணை உடைந்து 39 பேர் போனார்கள்.

எங்கள் ஏரியும் இரண்டாம் வகையாகத்தான் இருந்தது. ஓடையோரம் யாரோ புதுசாக வீடு கட்டி விற்றார்கள், முதல் வகை ஆகிவிட்டது. கரையில் ஒரு கூடை மண்கூட மாறவில்லை! முதல் வகை என்பதால் கலங்கலை, அதாவது மிகுதித் தண்ணீர் வழிந்து போகிற வழியை, பெரிதாக்கச் செலவு எங்கள் தலையில். கூட்டத்தில் ஒரு பெரியவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "கட்டினவன் அவன், கட்டணும்னா நானா?" என்றார். யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை.

கொலம்பியா அக்கா:
2015 அக்டோபர் மழையில் தென் கரோலினாவில் கொலம்பியாவில் இருந்தேன். கில்ஸ் கிரீக் ஓடைப் பக்கம் பல கரைகள் உடைந்தன. விடிந்து பார்த்தால் ஏரி இருந்த இடத்தில் வெறும் சேறு, நடுவில் கயிறு கட்டியபடியே ஒரு படகு.

முகில் தம்பி, இனிமேல் பார்க்கும்போது புல்லை மட்டும் பார்க்காதே. கசிகிற தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடி. தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம், கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, உடனே மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். கரையில் பெரிய மரம் நின்றால் அழகு என்று படம் எடுக்காதே. மரம் பட்டுப்போய் வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழி. எலி மாதிரி வளை தோண்டுகிற பிராணிகளையும் பார். கரைக்கு அடியில் போகும் குழாய் பழைய நெளி இரும்பா என்று கேள், துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் சுற்றியிருக்கிற மண் குழாய்க்குள் இறங்கிவிடும். அப்புறம் கலங்கலில் மீன் தப்பாமல் இருக்க வலை கட்டியிருப்பார்கள், அதில் சருகு அடைத்தால்...

முகில்:
அக்கா, வீட்டைத்தான் வாங்கவில்லையே. போன மாதம் அந்த வழியாகப் போனேன். யாரோ வாங்கிவிட்டார்கள். ஓடைப் பக்கம் ஊஞ்சல் போட்டிருக்கிறது.

வரப்பு:
போய்ச் சொன்னீர்களா?

முகில்:
இல்லை. வண்டியை நிறுத்தினேன். அப்புறம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.