‘ஸ்பேட்’ என்பது மண்வெட்டிதானா?

கேள்வி

வணக்கம். வீட்டுத் தோட்டம் பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்து வருகிறேன். அதில் அடிக்கடி வரும் ‘ஸ்பேட்’ என்னும் கருவியை, அகராதியை நம்பி, ‘மண்வெட்டி’ என்றே எழுதிக்கொண்டு வந்தேன். ‘தகட்டின் மேல்விளிம்பில் காலை வைத்து மிதித்து மண்ணுக்குள் இறக்குக’ என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. நம் மண்வெட்டியில் மிதிப்பதற்கு ஏது இடம்? முன்னுரையில், உள்ளதை மறைக்காமல் சொல்வதைக் குறிக்கும் ‘ஸ்பேட்டை ஸ்பேட் என்பது’ என்னும் ஆங்கிலத் தொடரிலும் இதே சொல் வருகிறது. சீட்டுக்கட்டின் இஸ்பேட்டும் இதுதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

தங்கள் ஐயம் நியாயமானது. மண்வெட்டியின் இலை காம்புக்குக் குறுக்கே, சற்று உட்சாய்ந்து நிற்கும்; ஓங்கிப் போட்டுத் தன் பக்கம் இழுப்பதே அதன் வேலை. ஸ்பேட்டின் தகடோ காம்பின் நேர்க்கோட்டிலேயே நீள்வது. நிமிர்ந்து நின்று மிதித்து இறக்கி, காம்பை நெம்பி மண்ணைப் புரட்டுவார்கள். அதற்குக் கெட்டியான காலணி வேண்டும். சேற்றில் வெறுங்காலோடு இறங்கும் நமக்கு அது ஒத்துவராது. நடவுக்கு முன் நாங்கள் அண்டை வெட்டும்போது, வரப்பின் பக்கவாட்டில் ஒரு வீச்சு போட்டால் புல்லும் வேருமாக மண் கழன்று வரும். அடுத்த வீச்சில் சேற்றை இழுத்து வரப்பின்மேல் அப்பி, இலையின் முதுகாலேயே வழுவழுவென்று மெழுகிவிடுவோம். வெட்டவும் இழுக்கவும் பூசவும் ஒரே இலை! மடை திறப்பதும் அடைப்பதும், பாத்தி கட்டுவதும் இதனால்தான். மம்பட்டி, மம்முட்டி என்று ஊருக்கு ஊர் ஒலி மாறினாலும் கருவி ஒன்றே. எனவே ‘மிதித்து இறக்குக’ என்பதற்குமுன் மண்வெட்டி என்று எழுதாதீர்கள். படிப்பவர் காலை வெட்டிக்கொள்வார்.

மறுமொழி 2

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மணலை அள்ளி வீசும் அகன்ற கருவியை நாங்கள் சவள் என்போம். அதையும் ஸ்பேட்டோடு குழப்ப வேண்டாம். சவள் அள்ளுவதற்கு, ஸ்பேட் வெட்டிப் புரட்டுவதற்கு.

சீட்டின் கதை வேறு. ஆங்கிலேயர் அந்தச் சீட்டு வகைக்கு வைத்த பெயர், வாளைக் குறிக்கும் இத்தாலிய, ஸ்பானியச் சொற்களிலிருந்து வந்தது. தோண்டும் கருவிக்கும் அதற்கும் நேர்த் தொடர்பில்லை. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வைத்த பெயருக்குத்தான் மண்வாரி என்று பொருள். 304 என்னும் சீட்டாட்டம் ஆடும் எங்கள் வாயில் அது இஸ்கோப்பன் ஆயிற்று.

மரபுத்தொடரின் பிறப்பு இன்னும் விந்தையானது. பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க்கின் கிரேக்க மூலத்தில் இருந்தது ‘தொட்டியைத் தொட்டி என்பவர்கள்’ என்பதே. அதை இலத்தீனுக்குக் கொண்டுவந்த அறிஞர் எராஸ்மஸ், ஒலியால் நெருங்கிய தோண்டுகருவிச் சொல்லாகக் கொண்டுவிட்டார். 1542இல் நிக்கோலஸ் யூடால் அதனை ஆங்கிலமாக்கியபோது ஸ்பேட் நிலைத்துவிட்டது. ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் பிறந்த தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கத் தேவையில்லை. ‘உள்ளதை உள்ளபடி சொல்பவர்’ போதும். கடுமை வேண்டுமானால் ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ இருக்கிறது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. முதன்முறை வரும் இடத்தில் ‘காலால் மிதித்து இறக்கும் நேர்த்தகட்டு மண்வெட்டி’ என்று விளக்கி, பிறகு ஸ்பேட் என்றே எழுதப் போகிறேன். பாத்தி கட்டும் அத்தியாயத்தில் மூலம் வேறு கருவியைச் சொல்கிறது. படத்தைப் பார்த்தால் அதன் இலை குறுக்கே நிற்கிறது. அங்கே மண்வெட்டியை மனநிறைவோடு எழுதலாம்.