சங்கன்லேண்ட்: இப்போதே வாங்கலாமா?

கேள்வி (பட்டர்வொர்த், பினாங்கு):
வணக்கம். 2023 ஆகஸ்டில் ஏர்லி ஆக்சஸ் பதிப்பாக (முழுமையாகும் முன்பே விற்கப்படும் பதிப்பு) ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வெளிவந்த சங்கன்லேண்ட் (Sunkenland) என்னும், கடலில் மூழ்கிய உலகில் உயிர்பிழைக்கும் கணினி விளையாட்டை வாங்க எண்ணுகிறேன். தனியாகவே விளையாடுபவருக்கு அது ஏற்றதா?

மறுமொழி (செந்தூல்):
ஏற்றதுதான், தம்பி. மூழ்கிய கட்டடத்துக்குள் பழைய இரும்பைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ஆக்சிஜன் குறைந்துகொண்டே வருவதும், இன்னும் ஓர் அறையைப் பார்த்துவிடலாம் என்ற பேராசையும் மோதும் இடத்தில்தான் அதன் சுவையே இருக்கிறது. விளையாட்டில் நாம் கட்டும் தளத்தைத் தாக்க வரும் கடற்கொள்ளையரைத் தனியாளாகச் சமாளிப்பது சற்றுச் சிரமம். ஆகவே சுவர் எழுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி (ஜார்ஜ்டவுன்):
வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெறலாம். அந்த நேரத்தை மரம் வெட்டுவதில் கழிக்காமல், உங்கள் கணினி தாங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, அண்ணா. சம்பளம் வந்ததும் வாங்கிவிடுகிறேன்.